கருப்பு வெள்ளைப் படத்துக்கு 'கிளாசிக் லுக்' லென்ஸ்: எதை வாங்கலாம், எதில் ஏமாறக் கூடாது?

1950 ஏப்ரல். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கூட்டம் கூடியிருந்தது. ரமண மகரிஷி தன் கடைசி நாட்களில் இருந்தார். அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸன். இரண்டு வருடங்களுக்கு முன்பு டெல்லியில் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டியவர். ஏப்ரல் 14 அன்று மகரிஷி மறைந்தபோதும் அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார்.

அவர் தன் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது லைக்கா என்ற சின்ன ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் ஒரு 50 மி.மீ. லென்ஸும்தான். ஃபிளாஷ் கிடையாது. படம் கருப்பு வெள்ளை.

அந்தக் காலத்துப் படங்களில் இருக்கும் மென்மை, நிழலுக்குள்ளும் தெரியும் விவரம், ஜன்னல் வெளிச்சம் லேசாக வழிவது போன்ற தோற்றம், இதெல்லாம் இன்றைக்கும் பலரை இழுக்கிறது. முதலில் மொபைல் ஆப்பில் ஃபில்டர் போட்டுப் பார்க்கிறார்கள். அது அலுத்ததும் மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் மாட்டுகிறார்கள். அடுத்த கட்டம்: "பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் ஒண்ணு வாங்கிடலாமா?"

பணம் கரைவது இந்த இடத்தில்தான். 'விண்டேஜ் கேரக்டர்' என்ற பெயரில் பூஞ்சை பிடித்த கண்ணாடியும் விற்பனைக்கு வரும். லென்ஸின் இயல்பான குணம் எது, வயதால் வந்த நோய் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பாதி பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. லென்ஸுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகச் சேரும். சேர்ந்தால் ஃபோகஸ் சரி. அவ்வளவுதான்.

உள்ளே கண்ணாடி மேலும் கீழும் ஆடத் தேவையில்லை என்பதால் கேமரா சின்னதாக இருக்கும், லென்ஸும் சின்னதாக இருக்கும். 1925இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் லைக்கா அறிமுகமானது. ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைத்த லைக்கா 2 மாடல் 1932இல் வந்தது. அதில் லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும். இதைத்தான் 'ஸ்க்ரூ மவுண்ட்' என்கிறார்கள், விட்டம் 39 மி.மீ. 1954இல் வந்த லைக்கா எம்3, சட்டென்று திருப்பி மாட்டும் 'எம் மவுண்ட்'டைக் கொண்டுவந்தது. இன்றைய லைக்கா எம் கேமராக்களிலும் அதே மவுண்ட்தான்.

பழைய ஸ்க்ரூ லென்ஸை எம் கேமராவில் மாட்ட ஒரு மெல்லிய வளைய அடாப்டர் போதும். அதை வாங்கும்போது லென்ஸின் அளவைச் சொல்லி வாங்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 35க்கான வளையத்தை மாட்டினால் வ்யூஃபைண்டரில் தப்பான கட்டம் தெரியும்.

அந்த 'லுக்' எங்கிருந்து வருது?

இதில் மாயம் எதுவும் இல்லை. இரண்டு குறைகளிலிருந்து வருகிறது.

முதல் குறை, தெறிக்கும் ஒளி. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், அதிலிருந்து வெளியேறும்போதும் ஒளியில் சுமார் 4 சதவீதம் தெறித்துத் திரும்பும். ஒரு லென்ஸுக்குள் இப்படி 8 பரப்புகள் இருந்தால் கால்வாசிக்கும் மேல் ஒளி ஃபிலிமை நேராகச் சென்று சேராது. தெறித்ததில் ஒரு பங்கு உள்ளேயே சுற்றிவிட்டு, கடைசியில் படத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் திரை போலப் படியும். கருப்பு, அடர் கருப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாகும். 'லோ கான்ட்ராஸ்ட்' என்று சொல்வது இதைத்தான்.

இதைத் தடுக்க 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா என்ற விஞ்ஞானி கண்ணாடி மேல் மெல்லிய படலம் பூசும் முறையை உருவாக்கினார். அதுதான் லென்ஸ் கோட்டிங். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒற்றைக் கோட்டிங் சாதாரணமாகிவிட்டது. பின்னாளில் பல அடுக்கு கோட்டிங் வந்து தெறிப்பைக் கிட்டத்தட்ட இல்லாமலே செய்தது. ஆக, 1950களின் லென்ஸ் என்றால் பொதுவாக ஒற்றைக் கோட்டிங், நடுத்தரமான கான்ட்ராஸ்ட்.

இரண்டாவது குறை, இயற்பியல் புத்தகத்தில் 'கோளப் பிறழ்ச்சி' என்று படித்தது. லென்ஸின் ஓரம் வழியாக வரும் ஒளியும் நடு வழியாக வரும் ஒளியும் ஒரே புள்ளியில் சேர்வதில்லை. அப்பெர்ச்சரை முழுவதுமாகத் திறந்து எடுத்தால், ஷார்ப்பான உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டம் படரும். முகங்களை இப்படி எடுத்தால் தோல் மென்மையாகத் தெரியும்.

இந்த இரண்டாவது குறையை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம். எஃப் 2இல் ஒளி வழியும் அதே லென்ஸ், எஃப் 5.6 அல்லது 8க்குப் போனால் பளிச்சென்று ஷார்ப்பாகிவிடும். ஒரே லென்ஸில் இரண்டு லென்ஸ் இருப்பது மாதிரி.

கருப்பு வெள்ளைக்கு ஏன் பொருந்துது?

நம்ம ஊர் மதிய வெயிலை நினைத்துப் பாருங்கள். தெருவில் ஒரு பக்கம் சுவர் வெள்ளையாகக் கொதிக்கிறது, எதிர்ப்பக்கத் திண்ணை நிழலில் கிடக்கிறது. கான்ட்ராஸ்ட் அதிகமான நவீன லென்ஸில் அந்த நிழல் சட்டென்று முழுக் கருப்பாக மூடிக்கொள்ளும். பழைய லென்ஸின் லேசான வெள்ளைத் திரை, வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் முகம் சாம்பலாகவாவது தெரியும். கான்ட்ராஸ்டைப் பிறகு எடிட்டிங்கிலோ பிரிண்ட்டிலோ கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், நிறம். பழைய லென்ஸ்கள் படத்துக்கு லேசான மஞ்சளோ நீலமோ சாயம் ஏற்றும். கலர் படத்தில் அது தலைவலி. கருப்பு வெள்ளையில் அந்தப் பேச்சே இல்லை. அதனால் கலர் எடுப்பவர்கள் ஒதுக்கும் லென்ஸ்கூட இங்கே நல்ல தேர்வாகலாம்.

ஆனால் ஒன்று: லென்ஸ் இல்லாத விவரத்தை உருவாக்காது. எக்ஸ்போஷர் தப்பானால் எந்த ஜெர்மன் கண்ணாடியும் காப்பாற்றாது.

முதல்ல கேமராவைப் பாருங்க

"எந்த லென்ஸ்?" என்பதற்கு முன்னால் "எந்த கேமரா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸ் அல்லது ஃபிலிம் கேமரா வைத்திருந்தால் 50 மி.மீ. பாதுகாப்பான தொடக்கம். பழைய 50கள் நிறையக் கிடைக்கும், விலையும் ஒப்பீட்டளவில் குறைவு.

ஏ.பி.எஸ்.-சி. சென்சார் கேமரா என்றால் கணக்கு மாறும். அதில் 50 மாட்டினால் 75 போல நெருக்கமாகிவிடும். தெருவில் எடுக்க 35 மி.மீ.தான் சரி. அது ஏறக்குறைய 50 போலத் தெரியும்.

28, 21 போன்ற அகலமான பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களை மிரர்லெஸ்ஸில் மாட்டுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இவற்றின் பின்பக்கக் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வரும். ஒளி சாய்வாக விழுவதால் படத்தின் ஓரங்கள் இழுத்துத் தேய்த்தது போல ஆகலாம். ஓரத்தில் வரும் நிறச்சாயம் கருப்பு வெள்ளையில் தெரியாது, ஆனால் தேய்ப்பு தெரியும்.

மடக்கி உள்ளே தள்ளும் வகை லென்ஸ்களை டிஜிட்டல் கேமராவில் மாட்டிய பிறகு மடக்கவே கூடாது. உள்ளே ஷட்டரில் இடித்தால் ரிப்பேர் செலவு லென்ஸ் விலையைத் தாண்டும்.

சரி, எதை வாங்குறது?

சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் ஐந்து வழிகள் இவை.

1. ஜூபிட்டர்-8, 50 மி.மீ. எஃப் 2

சோவியத் தயாரிப்பு. இதன் மூலம் ஜெர்மனியின் சோனார். லுட்விக் பெர்ட்டலே என்ற வடிவமைப்பாளர் 1930களின் தொடக்கத்தில் ஸைஸின் கான்டாக்ஸ் கேமராவுக்காக உருவாக்கியது. ஆறு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டி, காற்றைத் தொடும் பரப்புகளை ஆறாகக் குறைத்தார். கோட்டிங் இல்லாத காலத்தில் தெறிப்பைக் குறைக்க அது கெட்டிக்கார வழி. போருக்குப் பின் அந்த வடிவமைப்பு சோவியத் தொழிற்சாலைகளுக்குப் போய் ஜூபிட்டர் ஆனது.

முகங்களுக்கு அருமையாக இருக்கும். விலை சில ஆயிரங்களில் தொடங்குவதால் முதல் முயற்சிக்கு ஏற்றது.

சிக்கலும் உண்டு. சோவியத் லென்ஸ்களின் ஃபோகஸ் அளவுகோல் லைக்காவோடு நூறு சதவீதம் ஒத்துப்போகாது. லைக்காவில் மாட்டி, முழு அப்பெர்ச்சரில் பக்கத்தில் இருக்கும் முகத்தை எடுத்தால் ஃபோகஸ் தவறலாம். மிரர்லெஸ்ஸில் நேரடியாகத் திரையில் பார்த்து ஃபோகஸ் செய்வதால் இந்தப் பிரச்சினையே இல்லை. 'ஜூபிட்டர்-8எம்' என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். அது கீவ் கேமராவுக்கான வேறு மவுண்ட்.

2. கேனான் 50 மி.மீ. எஃப் 1.8, ஸ்க்ரூ மவுண்ட்

1950களில் ஜப்பானில் வந்தது. ஃபோகஸ் அளவு லைக்காவோடு ஒத்துப்போகும், கட்டுமானம் உறுதி, கான்ட்ராஸ்ட் நடுத்தரம். "ஜெர்மன் லென்ஸுக்குப் பட்ஜெட் இல்லை, ஆனா ரேஞ்ச்ஃபைண்டர்ல நம்பி எடுக்கணும்" என்பவர்களுக்கு இது நல்ல பதில். இந்த வரிசையில் சிலவற்றில் அப்பெர்ச்சர் இலைகளுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் புகை போன்ற படலம் பிடிப்பது தெரிந்த கதை. டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஜப்பான் லென்ஸ் என்று முகம் சுளிக்க வேண்டாம். 1950இல் கொரியப் போரைப் படம் எடுத்த 'லைஃப்' இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன், தன் லைக்காவில் மாட்டியது ஜப்பானின் நிக்கோர் லென்ஸ்களைத்தான். ஜப்பான் கண்ணாடிக்கு உலகப் பெயர் வாங்கித் தந்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

3. லைக்கா எல்மார், 50 மி.மீ. எஃப் 3.5

மாக்ஸ் பெரெக் வடிவமைத்த ஆரம்பகால லைக்கா லென்ஸ். மடக்கினால் சட்டைப் பைக்குள் போகும். எஃப் 3.5 என்பதால் மாலைக்குப் பிறகு கஷ்டம். முழுவதுமாகத் திறந்தாலும் பெரிய ஒளிவட்டம் எல்லாம் வராது. இதன் அழகு மென்மையான சாம்பல் வரிசையில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் தெருவில் எடுப்பவர்களுக்குச் சரி.

ஒரு எச்சரிக்கை. சோவியத் கேமராக்களின் மேல் லைக்கா பெயரைப் பொறித்து, லென்ஸில் எல்மார் என்று எழுதிய போலிகள் நிறையச் சுற்றுகின்றன. நம்ப முடியாத விலையில் 'தங்க லைக்கா' கண்ணில் பட்டால், நம்பாதீர்கள்.

4. லைக்கா சும்மிக்ரோன், 50 மி.மீ. எஃப் 2

1953 முதல் வந்த வரிசை. ஷார்ப்னஸும் மென்மையும் சேர்ந்து அமைந்தது என்று பேர் வாங்கியது. ஆரம்பகால மடக்கு மாடல்களின் முன்பக்கக் கண்ணாடி மிருதுவானது. எழுபது வருடங்களாகக் கைக்குட்டையால் துடைத்த கீறல்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும். சுத்தமான ஒன்று கிடைப்பது கடினம், கிடைத்தால் விலை எகிறும்.

5. ஃபோக்ட்லண்டர் நோக்டன் கிளாசிக், 35 மி.மீ. எஃப் 1.4

பழையதே வேண்டாம், பழைய தோற்றம் மட்டும் போதும் என்பவர்களுக்கு. ஜப்பானின் கோசினா நிறுவனம் தயாரிக்கும் புது லென்ஸ் இது. இரண்டு வகை உண்டு: 'எஸ்.சி.' ஒற்றைக் கோட்டிங், 'எம்.சி.' பல அடுக்கு கோட்டிங். கருப்பு வெள்ளைக்கென்றே எடுப்பவர்கள் எஸ்.சி.யைப் பார்க்கலாம். வாரன்டி உண்டு, பூஞ்சை பயம் இல்லை. நேர்கோட்டுச் சுவர்கள் லேசாக வளைந்து தெரியும் குறையும் கூடவே வரும். கட்டடங்கள் எடுப்பவர்கள் வேறு பார்க்கலாம்.

குணமா, நோயா: எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிட வேண்டாம்.

மொபைல் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்தில் அடித்து, சற்றுச் சாய்வாக மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அப்பெர்ச்சர் முழுவதுமாகத் திறந்திருக்க வேண்டும்.

சில தூசிப் புள்ளிகள் தெரிந்தால் பரவாயில்லை. எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது.

கண்ணாடி முழுக்கப் பால் கலந்த தண்ணீர் போலத் தெரிந்தால் அது புகைப்படலம். சில நேரம் பிரித்துத் துடைத்தால் போகும். கண்ணாடியையே அரித்திருந்தால் போகாது. விற்பவர் "துடைச்சா போயிடும்" என்று சொன்னால், அவரே துடைத்துத் தரட்டும். பிறகு வாங்கலாம்.

சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. ஆரம்ப நிலையில் சுத்தம் செய்யலாம். முற்றியது கோட்டிங்கைத் தின்றுவிடும், சரி செய்ய முடியாது.

ஓரத்தில் வானவில் நிறத்தில் வட்டம் தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. ரிப்பேர் சிரமம். தவிர்ப்பது நல்லது.

அடுத்து ஒரு எளிய சோதனை. சூரியனை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எஃப் 8இல் ஒரு படம் எடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய லென்ஸ், இந்த வெளிச்சத்தில் தெளிவான படத்தைத் தர வேண்டும். கோளப் பிறழ்ச்சியால் வரும் மென்மை இந்நேரம் காணாமல் போயிருக்கும். அப்போதும் படம் பால் ஊற்றியது போல வெளிறி இருந்தால், அது கேரக்டர் இல்லை, அழுக்கு.

ஆன்லைனில் வாங்குபவர்கள் டார்ச் அடித்த படத்தையும், எஃப் 8இல் எடுத்த மாதிரிப் படத்தையும் கேட்டு வாங்கலாம். தர மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

வாங்கிய பிறகு என்ன செலவு?

லென்ஸ் ஹூட்: ஒற்றைக் கோட்டிங் லென்ஸுக்கு இது அலங்காரம் இல்லை, தேவை. பக்கவாட்டு வெயிலைத் தடுத்தாலே பாதி வெளிறல் போய்விடும்.

மஞ்சள் ஃபில்டர்: ஃபிலிமிலோ, கருப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் மோனோக்ரோம் டிஜிட்டல் கேமராவிலோ எடுத்தால் வானம் வெளிறாமல் மேகம் தனித்துத் தெரியும். சுமார் ஒரு ஸ்டாப் ஒளி குறையும். சாதாரண டிஜிட்டல் கேமராவில் கலரில் எடுத்து மாற்றுபவர்கள் இதே வேலையை எடிட்டிங்கில் செய்யலாம். தனியாக வாங்க வேண்டியதில்லை. ஃபில்டர் வாங்கும் முன் அளவைப் பார்க்க வேண்டும். ஜூபிட்டர்-8க்கு 40.5 மி.மீ., கேனான் 50 எஃப் 1.8க்கு 40 மி.மீ., நோக்டன் 35க்கு 43 மி.மீ.

ஈரப்பதம்: சென்னை போன்ற கடலோர ஊர்களில் லென்ஸுக்கு முதல் எதிரி இதுதான். தோல் பையில் மூடி அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது மாதிரி. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் நல்லது. எல்லாவற்றையும் விட, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே நல்ல பராமரிப்பு.

யாருக்கு எது?

மிரர்லெஸ் இருக்கிறது, முதல் முறை முயற்சி, முகங்கள் எடுக்கப் பிடிக்கும்: ஜூபிட்டர்-8.

ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறது, ஃபோகஸ் தவறக் கூடாது: சுத்தமான கேனான் 50 எஃப் 1.8.

பகலில் மட்டும் தெருப் படங்கள், எப்போதும் எஃப் 8: எல்மாரே போதும். எஃப் 8இல் நல்ல நிலையில் இருக்கும் எல்லா 50களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எடுக்கும். எஃப் 1.4க்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

பழைய கண்ணாடியோடு மல்லுக்கட்ட நேரமில்லை, ஏ.பி.எஸ்.-சி. கேமரா: நோக்டன் 35 எஸ்.சி.

பட்ஜெட் பிரச்சினை இல்லை, ஒரே லென்ஸோடு பல வருடம் ஓட்ட வேண்டும்: நேரில் பார்த்து, சோதித்து வாங்கிய சும்மிக்ரோன்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? ஒரு வாரம் காத்திருங்கள். கையில் இருக்கும் ஸூம் லென்ஸை 50இல் வைத்து ஒரு டேப் ஒட்டிவிட்டு, கருப்பு வெள்ளையில் மட்டும் எடுத்துப் பாருங்கள். வாரக் கடைசியில் படங்களைத் திறந்து, எத்தனை படம் எஃப் 2.8க்கும் எஃப் 4க்கும் உள்ளே எடுத்தது, எத்தனை எஃப் 8இல் எடுத்தது, எத்தனை முறை பின்னால் நகர்ந்து நின்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 35ஆ 50ஆ, வேகமான லென்ஸ் தேவையா இல்லையா என்பதற்கான பதில் அந்த எண்ணிக்கையிலேயே இருக்கும். அந்த ஒரு வாரத்துக்குச் செலவு, டேப்புக்கான காசு மட்டும்தான்.